கோட்டுக்காரர் போட்ட கோழிச்சோறு

உரக்கப் படித்துக்கொண்டிருந்த திம்மப்பன், படக்கதையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டியதும் நின்றுவிட்டான். படத்தில் கோட்டுக்காரரின் இரண்டு கையிலும் விலங்கு.

"ஏம்பா நிறுத்திட்ட? மேல படி," என்றாள் வெங்கடம்மா. பேச்சு பேச்சாக இருக்க, அவள் விரல்கள் தம் பாட்டுக்குப் பீடி சுற்றிக்கொண்டிருந்தன.

கெலமங்கலம் ரோட்டில் இருந்த அந்தப் பீடிக் கொட்டகையில் முப்பது பேர் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காதுக்கும் ஒரு வேலை இருந்தால் கை சுருக்காக ஓடும் என்று, எதையாவது உரக்கப் படிக்க ஓர் ஆளை வைப்பது அங்கே வழக்கம். கல்லுடைக்கப் போன இடத்தில் பாறை விழுந்து வலது கையில் மூன்று விரல் நசுங்கிப்போன திம்மப்பனுக்கு அந்த வேலை கிடைத்தது பெரிய காரியம். இது போனால் ஒற்றைக் கையோடு கல் சுமக்கத்தான் போக வேண்டும். அதற்கும் எவனும் கூப்பிட மாட்டான்.

ஒரே ஒரு சங்கடம், அவனுக்குப் படிக்கத் தெரியாது.

புகையிலைத்தூள் வரும் பெட்டியில் வாராவாரம் பெங்களூரிலிருந்து ஒரு கன்னடப் பத்திரிகை அடியில் விரித்த தாளாக வந்தது. கொட்டகையில் பாதிப் பேர் கன்னடம் பேசுவார்கள். எழுத்து ஒருத்தருக்கும் தெரியாது. மூன்று வருஷம் பெங்களூரில் மண் சுமந்தவன் ஆயிற்றே, திம்மப்பனுக்குத் தெரிந்திருக்கும் என்று அவர்களாகவே முடிவு கட்டினார்கள். அவன் மறுக்கவில்லை. பத்திரிகையில் படக்கதை ஒன்று வந்தது. கண் இருந்தால் போதாதா?

படம் தெளிவாகத்தான் இருந்தது. கோட்டுப் போட்ட பெரிய மனுஷர் ஒருவர், நீள மேசையில் தன் ஆட்களை உட்கார வைத்து, நடுவில் தானும் உட்கார்ந்து, ஆளுக்கொரு கோழிக்கால் கொடுத்துச் சாப்பிடுகிறார். இன்னொருவன் முகமூடி போட்டவன். கோவணத்தைக் கால்சட்டைக்கு மேலே கட்டி, முதுகில் ஒரு துப்பட்டியைத் தொங்கவிட்டு, சுவர் ஏறிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு குதித்து, சாப்பிடுகிறவர்களைப் போட்டு அடிக்கிறான். முகத்தை மூடிக்கொண்டு சுவர் ஏறுகிறவனை ஊரில் என்னவென்று சொல்வார்கள்? எட்டு வாரமாகத் திம்மப்பன் அப்படித்தான் படித்தான். கோட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வெங்கடம்மா முனியப்பன் கோயிலுக்குத் தேங்காய்கூட வேண்டியிருந்தாள்.

"கையில என்னமோ மாட்றாங்களே," என்று பக்கத்து முறத்திலிருந்து எட்டிப் பார்த்தான் முனிசாமி.

"காப்புண்ணா. வெள்ளிக் காப்பு. சர்க்கார் மரியாதை பண்றாங்க."

"ரெண்டு கையையும் சேத்தா காப்பு போடுவாங்க? அடுத்த படத்துல கம்பி இருக்குது பாரு."

"ஜன்னலா இருக்கும்."

"சேலத்துல ஆறு மாசம் உள்ள இருந்தவன்பா நானு. எனக்கே கம்பி காட்றியா? ஜெயிலுடா அது."

முப்பது தலையும் நிமிர்ந்தன.

"ஜெயிலுதான்," என்றான் திம்மப்பன், வேறு வழியில்லாமல்.

"அந்த மவராசன் இன்னா தப்புப் பண்ணாரு?" என்றாள் வெங்கடம்மா.

தப்புச் செய்தார் என்றால் எட்டு வாரக் கதையும் சரிந்து விழும். அதோடு அவன் பிழைப்பும் விழும். திம்மப்பன் பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

"தப்பு ஒண்ணும் இல்லக்கா. மத்த மொதலாளிங்க சேந்து பிராது குடுத்துட்டாங்க. இவரு ஆளுங்கள கூட உக்கார வெச்சுக் கோழிச்சோறு போட்டா, நாளைக்கு எங்க ஆளுங்களும் கேப்பாங்களேன்னு."

இலை நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்கோல்கள் எல்லாம் நின்றன. அந்தச் சத்தம் இல்லாத கொட்டகையைத் திம்மப்பன் அன்றுதான் பார்த்தான்.

"வாராவாரமா போட்டாரு?" என்றாள் வெங்கடம்மா.

"சனிக்கெழம சனிக்கெழம."

"நமக்கு இங்க மோருத்தண்ணிக்கே வழியக் காணோம்," என்று அவள் முறத்தை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். மற்ற முறங்களும் இறங்கின.

"அக்கா, அது பெங்களூரு சமாசாரம். நமக்கு ஒத்து வராது."

"பெங்களூருக் கோழிக்கு மூணு காலா?"

"அவரு மட்டும் பெருசா இன்னா பண்ணிட்டாரு? கோழியும் ஞாயித்துக்கெழம லீவும் குடுத்தாரு, அவ்ளோதான்."

"லீவு வேறயா?" என்றான் முனிசாமி.

வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது திம்மப்பனுக்கு.

வேலை நின்றுபோன சேதி கேட்டு முதலாளி குடையும் கையுமாக ஓடி வந்தார். விவரம் கேட்டார். கேட்கக் கேட்க அவர் மீசை துடித்தது.

"எந்த ஊர்ல எந்த மொதலாளி கோழி போட்டான்? இவன் படிக்கிறானா, புளுகுறானா?"

"புஸ்தகத்துல இருக்குது சாமி," என்றாள் வெங்கடம்மா. "நீங்களே படிங்களேன்."

முதலாளிக்குத் தெலுங்கு எழுத்து மட்டும்தான் தெரியும். முப்பது பேருக்கு முன்னால் அதைச் சொல்ல முடியுமா? "நானு எதுக்குப் படிக்கணும்? பொதுவான ஆளக் கூட்டியாறேன். அப்படி இருந்தா நானும் போடறேன் கோழி. இல்லேன்னா இவன் இப்பவே எடத்தக் காலி பண்ணணும்," என்றார்.

பெங்களூரிலிருந்து வந்து ரோட்டில் நின்றிருந்த பஸ்ஸின் கண்டக்டர் கரியப்பனைப் பிடித்து வந்தார்கள். ஆனேக்கல்லில் எட்டாவது வரை கன்னடத்திலேயே படித்தவன். டிக்கெட் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, உதடு அசையப் படித்தான். ஒரு பக்கம், இரண்டு பக்கம். நடுவில் நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தான். திம்மப்பனின் கையைப் பார்த்தான். தரையில் கிடந்த முறங்களைப் பார்த்தான்.

திம்மப்பன் தன் துண்டை எங்கே வைத்தோம் என்று தேட ஆரம்பித்திருந்தான்.

"இவரு சொன்னது எழுத்துக்கு எழுத்து சரிங்க," என்றான் கரியப்பன். "ஒண்ணே ஒண்ணுதான் விட்டுட்டாரு."

முதலாளிக்கு உயிர் வந்தது. "அது இன்னா?"

"கோழிக்கு அப்பறம் பாயசம்."

கொட்டகை கொல்லென்று சிரித்தது. சொன்ன சொல்லை விழுங்க முடியாமல் முதலாளி குடையை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். "சனிக்கெழம பாக்கலாம்," என்று முனகிவிட்டு வெளியே நடந்தார். அவர் படி இறங்குவதற்குள் முப்பது கத்தரிக்கோலும் ஓட ஆரம்பித்துவிட்டன.

திம்மப்பன் கண்டக்டருக்குப் பின்னாலேயே பஸ் வரைக்கும் ஓடினான்.

"அண்ணா, உங்ககிட்ட மறைக்க மாட்டேன். எனக்கு எழுத்தே தெரியாது. படத்தப் பாத்துத்தான் சொன்னேன். அப்ப, நான் சொன்னது எல்லாம் சரிதானா?"

விசில் ஊதிவிட்டுப் படியில் தொங்கியபடி கரியப்பன் குனிந்தான்.

"கோட்டுக்காரன் பட்டணத்தையே கொள்ளையடிச்ச திருட்டுக் கூட்டத்துத் தலைவன், அவனப் புடிச்சுக் குடுத்த நல்லவன்தான் அந்த முகமூடிக்காரன்; வர்ற ஞாயித்துக்கெழம எங்க பஸ் மொதலாளி முன்னாடியும் வந்து, இதே மாதிரி ஒருவாட்டி படிச்சிட்டுப் போயா."