ஓடாத கம்ப்யூட்டருக்குக் கைதட்டிய ஐயோ மாமா

கம்ப்யூட்டர் ஓட மாட்டேன் என்று நின்றுவிட்டால் கைதட்டிச் சந்தோஷப்படும் ஆள் இந்த பூமியிலேயே ஒருவர்தான். அந்த ஒருவர் டெல்லி ஓக்லா ஆபீசில் எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். என் ஜாதக விசேஷம்.

பெயர் ஐயோ மாமா. சம்பளச் சீட்டில் வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார். காரணப் பெயர்தான். கம்ப்யூட்டருக்குள் ஐ-ஓ-எம்-எம்-யூ என்று ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. ஐந்து எழுத்தையும் தனித்தனியாகச் சொல்லப் பொறுமையில்லாத பஞ்சாபிப் பையன்கள் அதை 'ஐயோமமூ' ஆக்கினார்கள். நாள் முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த திருநெல்வேலிக்காரர் ஐயோ மாமா ஆனார்.

எங்கள் கம்பெனியின் பிழைப்பு என்னவென்றால், ஒரு பெரிய கம்ப்யூட்டரைப் பல போர்ஷன்களாகத் தடுத்து வாடகைக்கு விடுவது. தடுத்துக் கொடுக்கிற மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். ஒரு குடித்தனக்காரரின் நெட்வொர்க் கார்டு, பக்கத்துப் போர்ஷன் மெமரியில் போய்க் கிறுக்கிவிடக் கூடாது. அதற்கு ஒரு காவல். 'இங்கே கொஞ்சம் கவனி' என்று கார்டு அடிக்கிற மணிக்கு இன்டரப்ட் என்று பெயர். தன் வீட்டு மணியை அடிக்கிறேன் பேர்வழி என்று மொத்தக் கட்டடத்தையும் எழுப்பிவிடக் கூடாது. அதற்கு இன்னொரு காவல். கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போதே இந்தக் காவல்கள் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வரியில் சொல்லியாக வேண்டும். அந்த வரியை எழுதுவது மாமாவின் வேலை. வேலை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வியாதி.

ஒரு நாள் கேன்டீன் பையனிடம், "சீனி இல்லாம ஒரு சாய்" என்றார். வந்தது வெறும் கறுப்புத் தண்ணீர். சீனியோடு பாலையும் எடுத்துவிட்டிருந்தான். வேறு யாராவது என்றால் திட்டியிருப்பார்கள். மாமா கிளாசைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"பாத்தீராவே! இதத்தான் நான் அவனுவளுக்கு மெயில் மெயிலா எழுதுதேன்!"

'அவனுவ' என்றால் வெளிநாட்டில் உட்கார்ந்து அந்த ஹைப்பர்வைசரை எழுதுகிறவர்கள். மெமரிக் காவல் வேண்டாம் என்று சொன்னால் மணிக் காவலையும் சேர்த்து அது நிறுத்திவிடும். சொல்லவும் சொல்லாது.

"ரெண்டு காவலுக்கு ரெண்டு சுவிட்சு வேணும்வே. ஒண்ண அமத்துனா இன்னொண்ணு சொல்லாமக் கொள்ளாம அமரப்படாது."

"அவங்க என்ன சொல்றாங்க மாமா?"

"இப்படி யாரும் கேக்கலியேங்கான். அப்ப நான் யாருவே? பேயா?"

அந்தச் சாயாவைக் குடிக்கவில்லை. ஆதாரம் என்று மேஜையிலேயே வைத்திருந்தார். சாயங்காலம் அதில் ஒரு ஈ விழுந்தது.

அந்த வரியில் எழுதுகிற வார்த்தையில் அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. "'வேணும்'னா இருந்தாப் போட்டுக்கோன்னு அர்த்தம். 'கட்டாயம்'னா இல்லாட்டி எந்திரிக்கவே செய்யாதன்னு அர்த்தம். காவல் இல்லாம ஓடுத மெஷினு, காவல் இருக்குத மாதிரி நடிக்கப்படாது." இதை அவர் மெஷினுக்கு மட்டும் வைத்திருந்தால் பரவாயில்லை. துவாரகாவில் அவர் குடியிருந்த அடுக்குமாடி சொசைட்டியின் கேட்டுக்கும் வைத்திருந்தார்.

மே மாத வெயில். வாசலில் புது செக்யூரிட்டி. வீட்டுக்கு இன்டர்காமில் கேட்டுவிட்டுத்தான் ஆளை விட வேண்டும் என்பது ரூல். இன்டர்காம் செத்துக் கிடந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போனார்கள். மாமா மட்டும் நின்றார்.

"போனு எடுக்கலேன்னா விடக்கூடாதுன்னு ரூல் இருக்கா?" என்று இந்தியில் கேட்டார்.

"இருக்கு சாப்."

"அப்ப விடாதே."

இரண்டு பேரும் வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து அத்தை, அதாவது மாமாவின் மனைவி, கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "ஏங்க! அது நீங்கதான்னு எனக்குத் தெரியுது. அந்தப் பையனுக்கும் தெரியுது. ஒங்களுக்குத்தான் தெரிய மாட்டேங்கு!" கடைசியில் அத்தையே இறங்கி வந்து, இவர் என் புருஷன் என்று சாட்சி சொல்லிக் கூட்டிப்போனார்.

அந்த செக்யூரிட்டிக்குச் சம்பளம் கூட்ட வேண்டும் என்று மாமா சொசைட்டி மீட்டிங்கில் பேசினார். அதே மாதம் அவன் செக்ரட்டரியின் மச்சானைக் கேட்டில் நிறுத்தினான். வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இந்த ஊரில் எனக்குப் புரிந்த முதல் சட்டம் அதுதான். புரிந்தும் என்ன பிரயோஜனம்?

பிறகு அந்த டெமோ வந்தது. ஒரு பெரிய வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து புது மெஷின்களைப் பார்க்க வந்திருந்தார்கள். கோட்டு, சூட்டு, முந்திரி பர்பி. எங்கள் மேனேஜர் மல்ஹோத்ரா பட்டனை அமுக்கினார். மெஷின் கொஞ்சம் முனகியது. 'காவல் இல்லை, மேலே போக மாட்டேன்' என்று திரையில் ஒரு வரி போட்டுவிட்டு நின்றது. அந்த ஒரு மெஷினில் மட்டும், ஃபேக்டரியிலேயே காவலை ஆன் பண்ணாமல் அனுப்பியிருந்தார்கள்.

அந்த நிசப்தத்தில் ஒருவர் கைதட்டினார். வேறு யார்?

"நிக்குது பாத்தியளா! இதான் மெஷினு!" என்று தமிழிலேயே கத்தினார் மாமா. பிறகு இந்தியில், உள்ளே போய் ஒரு செட்டிங்கை மாற்றினால் போதும், உடனே ஓடும் என்றார். அதற்குள் சூட்டுகள் எழுந்துவிட்டன. பர்பி அப்படியே இருந்தது.

மல்ஹோத்ராவின் காது சிவந்திருந்தது. "அந்த 'கட்டாயம்'கிற வார்த்தையை எடுங்க. எப்படியாவது ஓடணும். அவ்வளவுதான்."

"எடுக்க மாட்டேன் சாப். கஸ்டமர் கிட்ட காவல் இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கோம்லா?"

மறுவாரம் மாமாவை ஏசி மராமத்துக்கும் ஜெனரேட்டருக்கும் பொறுப்பாகப் போட்டார்கள். அவருடைய இடத்துக்கு வந்தவர் வார்த்தையை எடுத்தார். எல்லா மெஷினும் ஓடின. எல்லா விளக்கும் பச்சை. மல்ஹோத்ரா வருகிறவர்களை எல்லாம் கூட்டி வந்து அந்தப் பச்சையைக் காட்டினார். மாமா அந்த அறைக்குள் ஏசியைப் பார்க்க வருவார். விளக்குகளைப் பார்க்க மாட்டார்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில், டெமோவில் நின்ற அதே மெஷினில் ஒரு போர்ஷனின் நெட்வொர்க் கார்டுக்குப் பைத்தியம் பிடித்தது. தடுக்கக் காவல் இல்லாததால் கட்டடம் முழுக்க மணி அடித்துத் தள்ளியது. அந்த மெஷினில் இருந்த அத்தனை குடித்தனமும் ஒரேயடியாகச் சுருண்டது. அதில் ஒன்று ஒரு ரத்தப் பரிசோதனை லேப். வாடிக்கையாளர் போன் எடுப்பது என் வேலை. "ரிப்போர்ட் வராம ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுட்டாங்க, அப்பாவை என்ன பண்றது?" என்று ஒரு பெண் அழுதாள். எங்கள் நம்பர் அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை.

விசாரணை வைத்தார்கள். அந்த வரியை முதலில் எழுதியவர் பெயர் என்று மாமாவின் பெயரைத் திரையில் போட்டார் மல்ஹோத்ரா. நான் எழுந்து, அவர் எழுதியது வேறு, பிறகு மாற்றச் சொன்னது நீங்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். மேலிடத்து மேடம் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "அச்சா, நோட் பண்ணிக்கிறோம்" என்றார். டெல்லியில் நோட் பண்ணிக்கொண்டார்கள் என்றால் முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

மாமாவிடம் ராஜினாமா எழுதி வாங்கினார்கள். பிரிவுபசாரம் கிடையாது. அன்று கேன்டீனில் கேக் வெட்டினார்கள்; அது மல்ஹோத்ராவின் ப்ரமோஷனுக்கு. சைவரான மாமா ஒரு துண்டு வாயில் போட்டார். நின்றார். துப்பினார்.

"எக்லெஸ்னு எழுதி ஒட்டிட்டு முட்ட போட்டிருக்கான்வே."

அன்றைக்கு அவர் சொன்ன ஒரே குறை அதுதான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நானும் அடுத்த வருஷம் வேறு வேலைக்குப் போனேன். அண்மையில் அந்த ஹைப்பர்வைசரின் புதுப் பதிப்பு வந்தது. இரண்டு காவலுக்கும் தனித்தனி சுவிட்ச். ஒன்றை நிறுத்தினால் மற்றது நிற்காது. இரண்டில் எதற்குக் கட்டாயம் என்று சொன்னாலும், அந்தக் காவல் இல்லாவிட்டால் மெஷின் எழுந்திருக்காது. அத்தனையும் மாமா தொண்டை வற்றக் கத்தியது. யார் யாருக்கோ நன்றி சொல்லியிருந்தார்கள். அவர் பெயர் இல்லை.

போன் பண்ணினேன். "காலையிலயே படிச்சிட்டேன்வே" என்றார். போனை அத்தையிடம் கொடுத்துவிட்டார். "தம்பி, முடிஞ்சா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

கரோல் பாகிலிருந்து மெட்ரோ பிடித்துப் போனேன். சோபாவில் உட்கார்ந்திருந்தார். மல்ஹோத்ராவைத் திட்டினேன். வெளிநாட்டுக்காரர்களைத் திட்டினேன், தலையைக்கூட ஆட்டவில்லை. வேறு வழி தெரியாமல் வேண்டுமென்றே ஒரு அபத்தம் சொன்னேன். "புதுப் பதிப்பைப் போட்டா மெஷினை ரீஸ்டார்ட் கூடப் பண்ண வேண்டாமாமே மாமா?"

"அப்படியா? சரி" என்றார்.

பழைய மாமாவாக இருந்தால் என்னைக் கிழித்திருப்பார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துவாரகா போகிறேன். வாரத்துக்கு ஒரு அபத்தம் யோசித்து எடுத்துக்கொண்டுதான். எல்லாவற்றுக்கும் 'சரி' சொல்லிக்கொண்டிருந்தார். போன வாரம் நான் பாதி சொல்லும்போதே நிமிர்ந்தார். "ஏ கூறுகெட்ட பயலே, எவன்வே ஒமக்கு வேல குடுத்தான்?" என்று கத்தினார். சமையலறையில் அத்தையின் கரண்டிச் சத்தம் நின்றது.

ஒரு மணி நேரம் திட்டினார். ஒரு வார்த்தை விடாமல் வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும்போது மெட்ரோவில் உட்கார இடமில்லை. எனக்கு உட்காரவும் தோன்றவில்லை.