ரோஜாவுக்குப் பவுடர் பூசியது யார்?

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு, உங்கள் மகளின் மாமியார் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம், நீங்கள் கொடுத்த ரோஜாச்செடி உட்பட. அங்கே உங்கள் மூட்டுவலியும் உங்கள் வீட்டுக்காரரின் குறட்டையும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பேத்தி பிறந்தபோது அந்தச் செடியைக் கையில் கொடுத்து, "இதையாவது வாடாம பாத்துக்குங்க" என்றீர்கள். அந்த 'இதையாவது' இன்னும் என் காதில் இருக்கிறது. கல்யாண போட்டோவில் உங்கள் கொண்டைக்குப் பின்னால் என்னை நிறுத்தியதும் மறக்கவில்லை. அது கிடக்கட்டும். தெருவில் போகிறவர்கள் பூவைக் கிள்ளுவார்களே என்று, செடியை இரண்டு சுவருக்கு நடுவில், மற்ற தொட்டிகளோடு நெருக்கி, மேலே பிளாஸ்டிக் ஷீட்டும் கட்டிப் பத்திரமாக வைத்திருந்தேன். பகலில் புழுக்கம், ராத்திரியில் ஈரக்குளிர், காற்று எட்டிக்கூடப் பார்க்காது. ஒருநாள் பார்த்தால் கொழுந்தெல்லாம் வெள்ளை வெளேரென்று மாவு! இலை சுருண்டு, மொட்டு வாயே திறக்கவில்லை. குழந்தைக்குப் பவுடர் போட்ட கையை ஜன்னலுக்கு வெளியே உதறுவது உங்கள் மகள்தானே, "செடிக்கும் சேர்த்தா பூசுறே?" என்று கேட்டேன். ஒரே ஒரு வார்த்தைதான். அதற்கு முன்னால் கேட்ட பழசெல்லாம் இதில் சேராது. "இது பூசணம் அத்தை! காத்து வேணும், வெயில் வேணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?" என்று கத்திவிட்டு, பெட்டி, குழந்தை, தொட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பேத்தி இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்? நல்லவேளை, வாசலைத் தாண்டியதும் கொட்டியது பாருங்கள் மழை, டாக்சி வரவில்லை! பெட்டியும் குழந்தையும் உள்ளே வந்தன. தொட்டியை எல்லோரும் வெளியிலேயே மறந்துவிட்டோம். விடாமல் பெய்த மழை வெள்ளையைக் கழுவிவிட்டது. இலை நனைந்தே இருந்தால் அந்தப் பூசணத்துக்கு ஆகாதாம். அப்புறம் வெயிலும் காற்றும் பட்டு, புதுக்கொழுந்து செக்கச்செவேலென்று துளிர்த்திருக்கிறது. உங்கள் மகளும் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டாள். கதவிடுக்கில் எட்டிப் பார்த்த பிறகுதான் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சின்னவர்களுக்கு என் ஆசீர்வாதம், பெரியவர்களுக்கு வணக்கம். போட்டோ விஷயத்தையும் மன்னித்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் கொண்டைக்குப் பின்னால் நின்றவள்

பி.கு.: உறையை ஒட்டும் முன் செடியைப் பார்த்தேன். வெள்ளை இல்லை, இலையெல்லாம் கறுப்புப் புள்ளி! "மழையில நனையவிட்டது யாரு?" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். டாக்சி இந்தத் தடவை உடனே வந்துவிட்டது. கடிதத்தை உங்கள் மகளே கொண்டுவருகிறாள். குழந்தை என் முந்தானையை விடவில்லை, அதனால் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானும் ஏறிவிட்டேன். மன்னித்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். என் படுக்கையை மட்டும் மூலையில் போட்டுவிடாதீர்கள், காற்று வேண்டும்.