மெமரிக்கு ஏற்ற மெஷின்

அறிவில் கடலையும் அடக்கத்தில் கடுகையும் நிகர்த்தவனும், என் ஒரே அக்காவின் ஒரே பிள்ளையும், நம் இரு வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் முடிசூடா மன்னனுமாகிய மருமகனுக்கு, உன் தாய்மாமன் உட்காரக்கூடத் தெம்பில்லாமல் சாய்ந்தபடி எழுதிக்கொள்வது. இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். உன் அத்தை பேசாமல் இருக்கிறாள். அங்கு அக்காவும் அத்தானும் நீயும் நலமாயிருக்க வேண்டுகிறேன்; இரண்டு வீட்டில் ஒரு வீடாவது நிம்மதியாக இருக்கட்டும்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். உன் அத்தை தைத்துக் கொடுக்கும் பள்ளிச் சீருடைகளின் வெட்டுப் படங்கள், இத்தனை வருஷமாக அவள் கண் வலிக்க வரைந்து சேர்த்தவை அத்தனையும், பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கின்றன. அந்த டிஸ்க் கொஞ்ச நாளாகப் பல்லி மாதிரி சத்தம் போடுகிறது. அது என்றைக்கு அடங்கிப் போகிறதோ அன்றைக்கு அவள் முதல் சட்டையிலிருந்து மறுபடி வரைய வேண்டும். அதற்காகத்தான் உன்னிடம் யோசனை கேட்டேன். நீயும் போனில் குழந்தைக்குச் சோறூட்டுகிற பொறுமையோடு சொன்னாய். "பழைய பார்ட்ஸ் வாங்கி வீட்டுலயே சின்னதா ஒரு சர்வர் போட்டுடலாம் மாமா. ரெண்டு டிஸ்க், ரெண்டுலயும் ஒரே நகல். ஆனா முதல்ல மதர்போர்டு, அப்புறம் அதுக்கு ஏத்த பிராசசர், கடைசியாத்தான் மெமரி. வரிசையை மட்டும் மாத்திடாதீங்க." இந்த உபதேசத்தை நெஞ்சில் கல்வெட்டாகச் செதுக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். போனதும் முதல் வேலையாக மெமரி வாங்கினேன்.

அவசரப்பட்டுத் திட்டாதே. பழைய பாகங்கள் விற்கும் அந்தக் கடைக்காரரை நான் வாரண்டி என்றுதான் அழைப்பேன்; அவரிடம் கிடைக்காத பொருள் அது ஒன்றுதான். ஏதோ பெரிய ஆபீஸ் சர்வரிலிருந்து கழற்றிய மெமரிக் குச்சிகளை அட்டைப் பெட்டியில் கீரைக்கட்டு போல அடுக்கி வைத்திருந்தார். விலையைக் கேட்டதும் எனக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. ஒரு நாட்டின் மொத்த ஞாபகத்தையும் கொட்டி வைக்கலாம், அவ்வளவு மெமரி. அள்ளிக்கொண்டேன். மறுநாள் போய், வீட்டுக்கு உகந்ததாக ஒரு மதர்போர்டும் பிராசசரும் வாங்கி வந்து மெமரியைச் செருகினேன். உன் அத்தை தைத்த உறைக்குள் தலையணை போவது போல அப்படியே உட்கார்ந்தது. பட்டனை அழுத்தினேன். பீப் என்று ஒரு சத்தம், பிறகு மயான அமைதி. வாரண்டியைக் கேட்டால், தலையைச் சொறிந்துகொண்டே, "அது பெரிய சர்வர் மெமரி சார். வீட்டு போர்டுல உக்காரும், ஆனா வேலை செய்யாது" என்கிறார். உக்காருகிறது, வேலை செய்யாது. நான் வேலை பார்த்த ஆபீஸில் இப்படிப் பலரை எனக்குத் தெரியும் என்பதால் மேற்கொண்டு கேட்கவில்லை.

எந்த மனிதனும் இந்த இடத்தில் மெமரியைக் கொடுத்துவிட்டு வேறு மெமரி வாங்குவான். உன் அத்தையும் அதைத்தான் சொன்னாள். ஆனால் அவ்வளவு மலிவாகக் கிடைத்ததைக் கை நழுவ விட எனக்கு மனசு வருமா? போர்டையும் பிராசசரையும் திருப்பிக் கொடுத்து, அந்த மெமரி வேலை செய்யக்கூடிய பெரிய சர்வர் போர்டாகவே, அதற்கேற்ற ஒரு பிராசசரோடு வாங்கி வந்தேன். அது எந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளும் நுழையவில்லை. கதவைக் கழற்றிப் படுக்க வைத்த மாதிரி இருந்ததால் அத்தையின் இஸ்திரி மேஜை மேல் விரித்தேன். அதில் பிராசசருக்கு இரண்டு குழி. ஒன்றில் மட்டும் போட்டால் பாதி மெமரிதான் கண்ணுக்குத் தெரியுமாம். மீதிப் பாதியை யார் பார்ப்பது? இரண்டாவது வாங்கினேன். அது முதலாவதின் ஒன்றுவிட்ட தம்பி. பார்க்க அச்சு அசல், ஆனால் இரண்டும் ஒரே போர்டில் இருக்க மாட்டோம் என்று பங்காளிச் சண்டை. மறுபடி கடை, மறுபடி மாற்று. நான் தெருமுனையில் திரும்பும்போதே வாரண்டி நாற்காலியைத் துடைத்துப் போட ஆரம்பித்துவிட்டார்.

உன் அத்தை கத்திரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள், "பட்டன் மலிவா கெடைச்சதுன்னு அதுக்குச் சட்டை தைக்கிறீங்க. இப்ப அந்தச் சட்டைக்கு ஆள் தேடிட்டிருக்கீங்க."

 நான் திருப்புளியைத் தேடுவது போல மேஜைக்கடியில் போய்விட்டேன்.

நேற்று இரண்டு பிராசசரும் சமாதானமாகி மெஷின் எழுந்தது. எழுந்தது என்றால் சாதாரணமாக இல்லை. விசிறிகள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் விமானம் இறங்குகிறதென்று வானத்தைப் பார்த்தார். திரை மட்டும் அமாவாசை. இந்தப் பிராசசருக்குப் படம் காட்டத் தெரியாது, அதற்குத் தனியாக ஒரு கார்டு போட வேண்டுமாம். இன்று காலை பழைய கம்ப்யூட்டர் முதல் முறையாகத் திறக்க மறுத்தது. மூன்றாவது தடவைதான் வழிக்கு வந்தது. அதுவரை உன் அத்தை கையில் சாக்கட்டியோடு, வெட்டாத துணிக்கு முன்னால் அப்படியே நின்றிருந்தாள். என்னைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. மாப்ளே, அவ திட்டியிருந்தா எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

நான் தோற்றுவிட்டேன். களைத்தும்விட்டேன். சனிக்கிழமை வந்து இந்த விமானத்தை எடுத்துப் போட்டுவிட்டு, நீ சொன்ன வரிசையில் நீயே வாங்கிக் கொடு. இனி மெமரி என்ற சொல்லை நான் உச்சரித்தால் என் மீசையைச் சிரைத்துவிடு. நீ வாங்குவதெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தட்டும். உனக்கு வாய்க்கிறவள் உன் அத்தையைப் போல் பொறுமைசாலியாகவும், நீ உன் மாமனைப் போல் இல்லாமலும் இருக்க ஆசீர்வதிக்கிறேன். அக்காவிடம் விசாரித்ததாகச் சொல். என்ன விசாரித்தேன் என்று சொல்லாதே.

இப்படிக்கு,
இரண்டு பிராசசர், ஒரு திரை, பூஜ்யம் படத்தின் அதிபதி,
உன் மாமன்

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோதே உன் அத்தை எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றி வாரண்டியிடம் போய்விட்டாள். பதிலுக்கு, ஏதோ ஒரு ஆபீஸில் ஓடிக்கொண்டிருந்த ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கி வந்தாள். செங்கல் அளவுதான், எல்லாம் உள்ளேயே பொருந்தி உட்கார்ந்திருக்கிறது, மூச்சுச் சத்தம்கூட இல்லை. வெட்டுப் படங்கள் அத்தனையும் அதில் நகலாகிவிட்டன. சீருடைகளை வெட்டித் தைத்து முடித்து, இத்தனை நாளில் முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவற்றைக் கொடுக்கப் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.

இன்னொரு பின்குறிப்பு: தபாலுக்கு நேரமில்லை, இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்குள்ளே என்ன மெமரி போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் திறந்தேன். சும்மா பார்த்துவிட்டு அப்படியே திருப்பி மாட்டினேன். இப்போது எரியவில்லை. சனிக்கிழமை வரை தாங்காது. அத்தை வீடு திரும்ப பஸ் ஏறிவிட்டாளாம், நீ ஆட்டோவில் வா.