ஒரே வரியில் சொல்லுங்க

மூன்றாவது புதன்கிழமையும் காளிச்சாமி இரண்டு தேங்காயைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். வைத்துவிட்டு மழையைப் பற்றி ஆரம்பித்தார்.

"எங்க தொண்டாமுத்தூர்ல நேத்து நல்ல மழைங்க தம்பி. இங்க சரவணம்பட்டில ஒரு பொட்டு இல்லை பாருங்க."

டேவிட்சன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான். காது கொடுத்துக் கேட்பதுதான் வாழ்க்கைக்கு வழிகாட்டும் லைஃப் கோச்சின் முதல் வேலை என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எத்தனை வாரம் மழையையே கேட்பது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

ஐ.டி. கம்பெனி வேலையை விட்டுவிட்டு, தரகர் ரிஃபத் மூலம் இந்த மாடியறையை வாடகைக்குப் பிடித்து, வாசலில் போர்டு மாட்டி மூன்று மாதம் ஆகிறது. ஒப்பந்தத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் செவ்வந்தி என்று யாரோ ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. வெளியூரில் படிக்கிறாளாம். அவளையும் பார்த்ததில்லை, அதைவிட முக்கியமாக, வாடிக்கையாளர் ஒருவரையும் பார்த்ததில்லை.

அப்படியிருக்கும்போதுதான் முதன்முதலாகக் காளிச்சாமி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வருவதா போவதா என்று தெரியாமல் நின்றார்.

"ஒரு விசயம் சொல்லோணும்னு வந்தேனுங்க."

"சொல்றதுக்குத்தாங்க இந்த இடமே!" என்று டேவிட்சன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். தண்ணீர் கொடுத்தான். ஆறு அமர்வு இலவசம் என்று படிவத்தை நீட்டினான். காளிச்சாமிக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. வெள்ளைச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

டேவிட்சனுக்குப் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டும். ஒரே ஒரு ஆளாவது ஆக்‌ஷன் பிளான் போட்டு, அதை நடத்தி முடித்ததற்கு அத்தாட்சி காட்டினால்தான் தருவார்கள். கடைசித் தேதி இந்த மாதத்தின் கடைசிப் புதன். கிடைக்காவிட்டால், மனைவி கெசியாவின் அண்ணன் அமிர்தராஜ் நடத்தும் பம்ப் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. கெசியா தெளிவாகச் சொல்லிவிட்டாள். மச்சானைத் தினமும் காலையில் 'சார்' என்று கூப்பிடுவதை நினைத்தாலே டேவிட்சனுக்குக் காப்பி இறங்கவில்லை.

பயிற்சி கொடுத்த லட்சுமியம்மாளுக்குப் போன வாரமே போன் போட்டுப் புலம்பியிருந்தான்.

"அவர் முழுசா சொல்லி முடிக்கட்டும் டேவிட்சன். யாரு, என்ன, எதுக்கு, எல்லாம் வெளிய வரணும். அப்புறம் அவரா கேட்டாத்தான் பிளான். அவசரப்பட்டுப் போட்டா அது உங்க பிளான், அவர் பிளான் இல்லை."

அந்தம்மாவுக்கு என்ன, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

"மழை கெடக்கட்டுங்க," என்றான் டேவிட்சன் இப்போது. "விசயத்துக்கு வருவோங்களா?"

காளிச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒருத்தர்கிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. நல்ல மனுசனுங்க. மூஞ்சியப் பாத்தா வாய் வர மாட்டேங்குது. எம் பொண்ணு வேற நெதம் போன் போட்டு…"

"பொண்ணு கதை அப்புறங்க. அந்த ஆளு உங்ககூட ஒட்டிக்கிட்டு நகர மாட்டேங்கறாரு. அதானுங்க?"

"ஐயோ, அப்படிச் சொல்லப்படாதுங்க…"

"ஆனா நெசம் அதானுங்க?"

காளிச்சாமி நெளிந்தார். "அப்படியும் வெச்சுக்கலாமுங்க."

யாரோ மச்சான் வந்து வீட்டில் டேரா போட்டிருக்கிறான் என்று டேவிட்சன் முடிவுகட்டிவிட்டான். மச்சான்கள் விஷயத்தில் அவனுக்கு மேற்கொண்டு எதையும் கேட்கத் தோன்றாது.

"போன்ல சொல்லிருங்களேன்."

"அது மரியாதையில்லீங்க தம்பி. இப்பிடி விசயத்தை நேர்ல போயித்தான் சொல்லோணும்."

"சரிங்க. பிளான் போட்டுருவோம். தினமும் காலைல கண்ணாடி முன்னாடி நின்னு, 'போதுங்க, கெளம்பிருங்க'ன்னு பத்து தடவை சொல்லுங்க."

"செஞ்சுபோடலாமுங்க," என்றார் காளிச்சாமி.

அடுத்த புதன் வந்தார். முகம் வாடியிருந்தது. தேங்காய் மட்டும் குறையவில்லை.

"சொன்னேனுங்க. ஊட்டுக்காரி பின்னால நின்னுட்டிருந்தது தெரியலீங்க. அவளைத்தான் கெளம்பச் சொல்றேன்னு நெனச்சுப்போட்டா. நேரா ஆனைமலைக்கு பஸ் ஏறி, மாசாணியம்மன் கோயில்ல எம் பேரைச் சொல்லி மொளகா அரைச்சுப் பூசிட்டு வந்துட்டாங்க."

நியாயம் கேட்டு மிளகாய் அரைக்கிற கோயில் அது. டேவிட்சன் தேவாலயத்துக்குப் போகிறவன்தான். இருந்தாலும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டான்.

"மூணு நாளா வவுறு எரியுதுங்க தம்பி."

"ஊட்டுக்குள்ள வேண்டாங்க. உங்க தோப்புக்குப் போங்க. ஒரு தென்னைமரத்தை அந்த ஆளுன்னு நெனச்சுக்கங்க. தைரியமா, சத்தமா சொல்லுங்க."

"செஞ்சுபோடலாமுங்க."

சனிக்கிழமை காளிச்சாமியே போன் செய்தார்.

"மரத்துகிட்ட சொன்னேனுங்க. நல்லாத்தான் வந்துச்சு. காத்தால போயி பாத்தா மரத்தைக் காணோம்."

"காணோமா?"

"ஆனை வந்து தள்ளிப்போட்டுப் போயிருக்குதுங்க. முந்நூறு மரம் நிக்குது, அதை மட்டுந்தான். காய்க்கிற மரமுங்க."

டேவிட்சன் போனைக் காதிலிருந்து எடுத்து அதையே சற்று நேரம் முறைத்தான். இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. அமிர்தராஜ் சீருடைச் சட்டைக்கு அளவு கேட்டு ஆள் அனுப்பிவிட்டான்.

"இப்பவே கெளம்பி வாங்க!"

ஒரு மணி நேரத்தில் வந்தார். இந்தத் தடவை டேவிட்சன் அவரை வாய் திறக்கவே விடவில்லை. ஒரு தாளை எடுத்துத் தானே கடகடவென்று எழுதினான். எழுத எழுத அவனுக்கே வீரம் ஏறியது.

"சுத்தி வளைக்கக் கூடாது. மூஞ்சிக்கு நேரா, ஒரே வரியில சொல்லணும். மழை, வெள்ளாமை எதுவும் பேசக் கூடாது. பதினஞ்சு நாள் கெடு. அவர் கெஞ்சினாலும் ஒரு நாள் கூடக் குடுக்கக் கூடாது. உங்களுக்கு வாய் வரலைன்னா துணைக்கு வந்தவங்க சொல்லணும். போதுங்களா?"

"கெடு கம்மியா இருக்குதுங்களே. பாவம், ரெண்டு மாசம் குடுக்கலாம்னு…"

"இப்பிடிப் பாவம் பாத்துத்தாங்க உங்க தலைல ஏறி உக்காந்துட்டாரு! பதினஞ்சே ஜாஸ்தி."

காளிச்சாமி அவனையே பார்த்தார். கண் லேசாகக் கலங்கியிருந்தது. "அவர் மனசு நோகாதுங்களா?"

"நொந்தா நோகட்டுங்க. நான் பொறுப்பு." டேவிட்சன் தாளின் அடியில் தன் கையெழுத்தைப் போட்டான். "எப்ப சொல்றீங்க?"

"புதன் பதினோரு மணி உங்களுக்குச் சௌகரியப்படுங்களா?"

"எனக்கென்னங்க? சொல்லி முடிச்சாச் சரி."

புதன்கிழமை காலை டேவிட்சன் அறிக்கையை முழுதாக எழுதி வைத்துவிட்டான். 'வாடிக்கையாளர் தன் திட்டத்தை வெற்றிகரமாக நிறைவேற்றினார்' என்பது வரைக்கும் எழுதியாகிவிட்டது. காளிச்சாமியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கெசியாவுக்குப் போன் போட்டு, அண்ணனிடம் சட்டை தைக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னான்.

சரியாகப் பதினோரு மணிக்குக் காளிச்சாமி படியேறி வந்தார். கூடவே அவர் மனைவி வள்ளியாத்தாள். நான்கு தேங்காய்.

"சொல்லிட்டீங்களா?" என்று டேவிட்சன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

காளிச்சாமி அந்தத் தாளை விரித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு டேவிட்சன் முகத்தை நேராகப் பார்த்தார். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"தொண்டாமுத்தூர்ல நேத்து மழைங்க தம்பி…"

"மழை வேண்டாங்க!" டேவிட்சன் கத்தியே விட்டான். "ஏனுங்க, உங்களை என்னதாங்க பண்றது? பிளான்ல என்ன எழுதியிருக்கு? ஒரே வரி! சொல்ல வேண்டியதை மூஞ்சிக்கு நேரா ஒரே வரியில சொல்றதுக்கு என்னங்க கஷ்டம்?"

வள்ளியாத்தாள் கணவர் கையிலிருந்த தாளை வாங்கி, அடியில் இருந்த டேவிட்சனின் கையெழுத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள்.

"எங்க செவ்வந்தி பல் டாக்டருக்குப் படிச்சு முடிச்சுப்போட்டு இங்க ஆஸ்பத்திரி வெக்க வாராளுங்க தம்பி, நீங்க எழுதிக் குடுத்தபடியே பதினஞ்சு நாள்ல இந்த ரூமைக் காலி பண்ணிக் குடுத்துருங்க."