சஹன் மண்டபத்தின் ஆறாவது இடம்

“மருமகன், இந்தச் சஹன் மண்டபத்துக்குள்ள எப்படிப் போற?”

உப்புக் கொட்டகையில் செய்னுலாப்தீன் ஹாஜியார் புதுப் போனை நீட்டிக் கேட்டபோது நளீமின் வாயில் பாதித் தேத்தண்ணி இருந்தது. தொண்டைக்குள் போவதா, மூக்கால் வருவதா என்று அது கொஞ்சம் தடுமாறி, மூக்கையே தேர்ந்தெடுத்தது.

“எந்த மண்டபம் மாமா?”

“தெரியாத மாதிரிக் கேக்காதீங்க. முத்துத்தீவு! ஊரே ஆடுது. புத்தளத்து உப்பு யாவாரி எல்லாம் அதுலதான் கெடக்கான். நானும் எறங்கிட்டேன். இந்தா பாருங்க, இளவரசன் செய்னுல்.”

திரையில் முறுக்கு மீசையும் வாளுமாக ஓர் இளவரசன் நின்றான். ஹாஜியாரின் நரையும் தொப்பையும் அவனிடம் மருந்துக்கும் இல்லை. காலில்தான் செருப்பைக் காணோம். செருப்புக்கு இரண்டு முத்துக் கேட்டார்களாம்.

முத்துத்தீவு போனில் ஆடுகிற விளையாட்டு. ஆளுக்கொரு வேடம், ஆளுக்கொரு பெயர். கடலில் மூழ்கி முத்தெடுக்கலாம். முத்தைக் கொடுத்துக் கப்பல் வாங்கலாம். வசதியிருந்தால் தனிச் சங்கமும் திறக்கலாம். யாரை உள்ளே விடுவது, என்ன விலை கேட்பது என்பதெல்லாம் சங்கத்தைத் திறந்தவர் வைத்த சட்டம்.

நிஜத்தில் நளீம் பாலாவியில் ஹாஜியாரின் உப்பளத்துக் கணக்குப்பிள்ளை. அவருடைய மகள் மர்ளியாவைக் கட்டி, அவருடைய வீட்டிலேயே குடியிருக்கும் மருமகன். சோறும் அவருடையது, சம்பளமும் அவருடையது. முத்துத்தீவில் மட்டும் அவன் கப்பித்தான் சூறாவளி, ஒரு கப்பலுக்கே தலைவன். சஹன் மண்டபம் அவன் திறந்த சங்கம்தான்.

கல்யாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவதைப்போல, அந்த மண்டபத்திலும் ஆறே இடம். நளீமோடு சேர்த்து ஐந்து நிரம்பிவிட்டன. எல்லாம் வேடப்பெயர்கள். யார் எந்த ஊர், எந்தத் தொழில் என்று ஒருவருக்கும் தெரியாது.

மண்டபத்தின் நடுவே ஒரு கல் இருந்தது. அங்கத்தவர்கள் மட்டுமே அதை வாசிக்கலாம், அதில் எழுதலாம். எழுதியதை அழிக்கவோ, திறந்த சங்கத்தை மூடவோ விளையாட்டில் வழியில்லை. அந்தக் கல் முழுக்க ‘உப்பு மாமா’ என்கிற ஒரு கஞ்சரைப் பற்றிய பகிடிகள். தொடக்கி வைத்தவர் கப்பித்தான் சூறாவளி. அதற்குப்பின் அவரையே மிஞ்சிவிட்டது ‘கடல்குருவி’ என்கிற அங்கத்தவர். அப்படி எழுதும் கடல்குருவியின் வீட்டிலும் ஓர் உப்பு மாமா இருக்கிறார், பாவம் என்று நளீம் பலதடவை அனுதாபப்பட்டிருக்கிறான்.

ஹாஜியார் உள்ளே போய் முதல் வரியை வாசித்தாலே போதும், யாரைப் பற்றியது, யார் எழுதியது என்று பிடித்துவிடுவார். வேலை போகும், வீடு போகும். மர்ளியா எந்தப் பக்கம் நிற்பாள் என்பதும் நிச்சயமில்லை.

“அது சின்ன எடம் மாமா. ஆறு பேர்தான் இருக்கலாமாம்.”

“அதத்தானே நானும் சொல்றேன்! நான் இல்லாம ஒரு சஹனா?”

எந்தக் கல்யாணத்திலும் முதல் சஹனில் ஹாஜியாருக்கு இடமிருக்கும். அவரை இரண்டாம் சஹனில் இருத்திய ஒரு வீட்டாரோடு அவர் இன்றுவரை கதைப்பதில்லை.

வீட்டுக்குப் போனதும் நளீம் குசினிக்கு ஓடினான். அந்த வீட்டில் போன் சார்ஜ் போட ஹாஜியார் அனுமதித்தது ஒரே ஒரு பிளக்; அது குசினியில் இருந்தது. மாமி ஸாஜிதா வழக்கம்போல இயர்போனைக் காதில் செருகி, போனில் மார்க்கப் பிரசங்கமான பயான் கேட்டபடி மீன் கழுவிக்கொண்டிருந்தார். அந்த நல்ல மனுசிக்கு உலகத்தில் வேறு பொழுதுபோக்கே கிடையாது. நளீம் மாமிக்குப் பக்கத்திலேயே, பிளக் அருகே நின்றபடி மண்டபத்தின் விலையை ஐம்பது முத்திலிருந்து ஐந்நூறாக ஏற்றினான். ஹாஜியாரை விரட்ட இதைவிடச் சிறந்த மந்திரம் இல்லை என்று நிம்மதியாகத் தூங்கினான்.

காலையில் ஹாஜியாரின் முகத்தில் ஒரே பிரகாசம்.

“மருமகன், ஒரே ராவுல விலை பத்து மடங்கு ஏறிட்டு!”

“அநியாயம் மாமா. விட்டிருவம்.”

“விடுறதா? விலை ஏறுற சாமானக் கைவிடுறவன் யாவாரியா? போன வருஷம் உப்பு விலை ஏறக்குள்ள நாம என்ன செஞ்ச?”

“வாங்கிக் குவிச்ச.”

“பொறகென்ன? பின்னேரம் கணக்கு முடிஞ்சா நீங்க சும்மாதானே இருக்கீங்க. இந்தாங்க போன். முத்துக் குளிங்க.”

குளித்தான். தான் ஏற்றிய விலையைத் தானே மூழ்கி மூழ்கிக் கட்டினான். கட்டைவிரல் வீங்கியது. கண்ணை மூடினாலும் சிப்பி தெரிந்தது. ‘தன் வினை தன்னைச் சுடும்’ என்பார்கள். நளீமுக்கு அது விரலில் தொடங்கியிருந்தது.

அவன்தான் கப்பித்தான் என்று அறிந்த ஒரே ஆள் உப்பு லொறி ஓட்டும் தவச்செல்வன். யுத்த காலத்தில் வன்னியிலிருந்து சின்ன வயதில் வந்து புத்தளத்தானாகவே ஆகிவிட்டவன். நளீம் அவனுடைய லொறி இருக்கையில் ஏறி உட்கார்ந்து அழாக்குறையாகச் சொன்னான்.

“மச்சான், அந்தக் கடைசி எடத்துல நீ வந்து இரு. எடம் நெரம்பிட்டா மாமாக்கு வர ஏலா.”

“என்னட்ட நாப்பது முத்துத்தான் கிடக்கு. நீ ஐந்நூறெல்லோ கேக்கிறாய்?”

“அப்ப கொறைக்கவா?”

“குறைச்சால் விளையாடுற எல்லாற்ற போனிலையும் மணி அடிக்குமெல்லோ. முதல் ஆளாய் உன்ர மாமாதான் ஓடி வருவார்.”

உண்மைதான். காப்பாற்ற வரக்கூடியவனையும் நளீமின் விலையே வாசலில் நிறுத்திவைத்திருந்தது. தவச்செல்வன் ஸ்டியரிங்கைத் தட்டி யோசித்தான்.

“விலையால மறிக்க ஏலாட்டி ஆளால மறி. ஏற்கெனவே உள்ளுக்க இருக்கிற ஒராள் பிணை நிண்டால்தான் புது ஆளை எடுக்கலாம் எண்டு சட்டம் போடு. செருப்பில்லாத இளவரசனுக்கு ஆர் பிணை நிக்கப் போகினம்?”

நளீமுக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. சட்டம் அந்த இடத்திலேயே ஏறியது.

மறுநாள் பகல், ஹாஜியார் உப்புக் கொட்டகைக்குள் சிரித்துக்கொண்டு வந்தார்.

“பிணைக்கு ஆள் கெடச்சிட்டு! கடல்குருவியாம். நான் கேக்கவுமில்ல, தானா வந்து நிக்கிறான். ‘இளவரசரை எனக்கு நல்லாத் தெரியும், நான் பொறுப்பு’ எண்டு எழுதியிருக்கான். மாஷா அல்லாஹ், நம்மட பேர் எங்கெல்லாம் போயிருக்கு பாத்தீங்களா?”

நளீம் உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் நகர்ந்தான். ஒளிந்திருந்து கடல்குருவிக்குச் செய்தி அனுப்பினான்: ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்?’ பதில் உடனே வந்தது: ‘கப்பித்தான், உங்கள் சட்டப்படிதானே செய்தேன்?’

இனி ஒரே வழிதான். முத்து சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று பின்னேரம் நளீம் இளவரசனைக் கொண்டுபோய்ச் சுறாவின் வாயருகே நிறுத்தினான். சுறா கடித்தால் பை கிழிந்து முத்துக் கொட்டிப்போகும். சுறாவும் நன்றாகவே ஒத்துழைத்தது.

“மருமகன், நேத்து இருந்ததை விடக் கொறையுதே?”

“சுறா மாமா. கடல்ல சுறா கூடிட்டு.”

“அப்படியா? அப்ப நான் பக்கத்துலயே இருக்கேன்.”

ஹாஜியார் கதிரையை இழுத்துப் போட்டார். அதன்பிறகு வந்த பின்னேரங்களிலும் நளீமின் விரல் அவருடைய கண்ணுக்குத் தப்பவே இல்லை. “இடப்பக்கம் சுறா! திரும்புங்க! அந்தச் சிப்பிய விட்டுட்டீங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில், பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் யாரையோ சுறா கடித்துவிட்டதென்று களப்புப் பக்கம் ஓடினார்கள். கடைசி முத்தைத் தன் கையாலேயே எடுக்கவேண்டுமென்று போனைப் பிடுங்கி, அவரே மூழ்கி, எடுத்தும் விட்டார். அந்தக் கூவலுக்குப் பாத்தியில் நின்ற கொக்கெல்லாம் பறந்தன.

மண்டபக் கதவு திறந்தது. இளவரசன் வெறுங்காலோடு உள்ளே போனான்.

“இதென்ன கல்லு? ஏதோ எழுதியிருக்கே. கண்ணாடிய எடுங்க.”

நளீம் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தான். எலுவன்குளத்தில் உம்மாவின் வீட்டுப் பின்னறை காலியாகத்தான் இருக்கிறது; ஒரு கட்டிலும் ஓர் அலுமாரியும் பிடிக்கும் என்று கணக்குப் பார்த்தான்.

ஹாஜியார் எழுத்துக் கூட்டி வாசித்தார். “‘உப்பு மாமா மழை வந்தால் குடையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு தான் நனைவார், குடை நனைந்தால் பழுதாகிவிடுமே!’”

அவருடைய முகம் அப்படியே நின்றுவிட்டது. கொட்டகை மூலையில், கடைப் பொலித்தீன் உறைகூடக் கழற்றாத அவருடைய குடை சாத்தியிருந்தது. நளீம் மெல்ல நகர்ந்து அதற்கு முன்னால் நின்றுகொண்டான்.

ஹாஜியாரின் தோள் குலுங்கியது. பிறகு தொப்பை குலுங்கியது. பிறகு கதிரையே குலுங்கியது.

“யா அல்லாஹ்! இது முத்தலிபு!”

“ஆ?”

“பக்கத்து உப்பளத்து முத்தலிபு ஹாஜியார்! அச்சொட்டா அவர்தான்! யாரோ நல்லா அளந்து எழுதியிருக்கான்!”

“ஓம் மாமா! ஓம்! அவரேதான்!” நளீம் சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டான். வலிக்கவில்லை. “அல்ஹம்துலில்லாஹ்” என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, சாக்குமூட்டையில் பொத்தென்று உட்கார்ந்தான்.

“இதக் கேளுங்க. ‘உப்பு மாமா தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டார், சீனிப் போத்தலைக் காட்டிவிட்டு மூடிவிடுவார்!’ இது கடல்குருவி எழுதினது: ‘உப்பு மாமா பிஸ்கட் டின்னை அலுமாரியில் பூட்டிவிட்டு, பிஸ்கட் உடம்புக்குக் கூடாது என்று உபதேசம் செய்வார்!’” கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனார். “‘உப்பு மாமா மனைவிக்குப் பெருநாள் சாரி வாங்கிக் கொடுத்தார், விலைச்சீட்டை மட்டும் வெட்ட விடமாட்டார், உடுக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமே...’”

சிரிப்பு மெதுவாகக் குறைந்தது. ஹாஜியார் கொஞ்சநேரம் கல்லையே பார்த்தார். பக்கத்திலிருந்த வெறுந்தேத்தண்ணியைப் பார்த்தார். பிறகு வீட்டுக்கு அழைப்பெடுத்தார்.

“ஸாஜிதா, அந்தப் பெருநாள் சாரி இருக்குல்ல? சீட்ட வெட்டிட்டு உடுங்க. இல்ல, ஒண்டுமில்ல, சும்மாதான்.” போனை வைத்துவிட்டு நளீமிடம் திரும்பினார். “மனிசன் ஊர் சிரிக்கிற மாதிரி வாழப்படாது மருமகன். முத்தலிபுட நெலம நமக்கு வந்திரப்படாது. பாத்தியில நிக்கிற எல்லாருக்கும் சீனி போட்டுத் தேத்தண்ணியும் பணிஸும் வாங்கிக் குடுங்க.”

பணிஸ் என்ற சொல்லை ஹாஜியாரின் வாயிலிருந்து கேட்ட தொழிலாளிகள், அவருக்கு உடம்புக்கு ஏதுமா என்று நளீமிடம் விசாரித்தார்கள்.

அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நளீமுக்குக் கால் தரையில் படவில்லை. தப்பிவிட்டான். வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, மர்ளியா இருக்கிறாள். இனி அந்தக் கல்லில் ஒரு புள்ளிகூட வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டு வீட்டு முன்கூடத்துக் கதிரையில் சாய்ந்தான். நெஞ்சுக்குள் அப்படியொரு ஆறுதல்.

மாமி ஸாஜிதா தேத்தண்ணி கொண்டுவந்தார். புதுச் சாரி கரகரவென்றது. பீரிசில் இரண்டு பிஸ்கட்டும் இருந்தன. ஹாஜியார் தொழப் போயிருக்கிறாரா என்று வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, காதிலிருந்து இயர்போனைக் கழற்றி, குனிந்து மெல்லச் சொன்னார்:

“கப்பித்தான், இன்னொரு சஹன் வைங்க, முத்தலிபு ஹாஜியார்ட பொஞ்சாதியும் அவரை உள்ளுக்கு அனுப்பணும் எண்டு நிக்கிறா, பிணைக்கு நானே நிக்கிறேன்.”