கருத்துக் கேட்கும் தம்பித்துரை அண்ணை

கருத்துக் கேட்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. முடிவெடுத்து, அச்சடித்து, கையெழுத்தும் போட்டுவிட்டு, "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்று முகம் மலரக் கேட்பார். நீங்களும் சந்தித்திருப்பீர்கள். நான் சந்தித்தவர் ஜெர்மனியின் எசன் நகரத் தமிழ் ஒன்றியத்தின் தலைவர் தம்பித்துரை அண்ணை.

ஒன்றியத்துக்கு எர்லாங்கனில் ஒரு கிளை. கிளைக்காரர் விழாவுக்கு வருவோர் உட்காரக் கதிரை அடுக்கலாம்; வாக்குப் போட ஏலாது. அங்கே முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கும் கொறற்றி, சனிக்கிழமைகளில் இணைய வானொலி நடத்துகிறாள். வீட்டைவிட்டு வெளியே போக முடியாதவர்கள் அதில் அழைத்து, முழங்கால் வலி முதல் அரசாங்கப் படிவம் வரை கதைப்பார்கள். படுக்கையிலிருக்கும் கமலநாயகி அக்காவுக்கு வாரத்தில் கிடைக்கும் பேச்சே அதுதான்.

ஒருநாள் அந்த வானொலியில் யாரோ, "ஒன்றியத்துக்குத் தேர்தல் எப்ப?" என்று கேட்டுவிட்டார். அடுத்த கிழமையே எசனில் 'ஒலிபரப்பு ஒழுங்குச் சட்டம்' பிறந்தது. பதினான்கு விதிகள். நேயர்கள் பேசப்போவதை மூன்று நாள் முன்பே எழுதித் தரவேண்டும் என்பது ஏழாவது. வெள்ளைக்கார ஆளுநர்கள் எல்லோரும் கப்பலேறிவிட்டார்கள் என்று யார் சொன்னது?

கருத்துக் கேட்க அண்ணையே ரயிலேறி வந்தார்.

"அண்ணை, போன் எடுக்கிற ஆள் என்ன கதைக்கும் எண்டு எனக்கு முன்னமே எப்பிடித் தெரியும்?" என்றாள் கொறற்றி.

"அருமையான கேள்வி, பிள்ளை. குறிச்சுக்கொள்ளுறன்."

குறித்தார். கொறற்றி அவர் கொண்டுவந்து தந்த சட்டத் தாளைத் திருப்பினாள். கடைசி வரியில் அச்சாகியிருந்தது: 'கிளையின் ஏகமனதான ஆதரவுடன் நிறைவேறியது.' அவளுக்கு முகம் எரிந்தது. தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

சனிக்கிழமை பதினான்கு விதிகளையும் வானொலியில் நிதானமாக வாசித்தாள். முதல் அழைப்பு எசனிலிருந்து.

"உந்த விதிகளை ஆர் வாசிக்கச் சொன்னது? உடன நிப்பாட்டு!"

"வணக்கம் அண்ணை. கதைக்கப்போறதை எழுதித் தந்தனீங்களோ?"

"நான் ஏன் எழுதித் தரோணும்?"

"அப்ப ஏலாது அண்ணை. ஏழாம் விதி."

துண்டித்தாள். அடுத்தது கமலநாயகி அக்கா. "பிள்ளை, நானும் எழுதித் தரேல்லை. கதைக்கலாமோ?"

"நீங்கள் கதையுங்கோ அக்கா."

அன்று விதிகளைக் கேலி செய்து வந்த அழைப்புகள் ஓயவில்லை. மறுநாளே சட்டம் மீளப்பெறப்பட்டது, 'மக்கள் கருத்துக்குத் தலைவணங்கி.' அண்ணை இப்போதும் பெருமையாகச் சொல்கிறார்: "நாங்கள் எதையும் கேட்டுத்தானே செய்யிறது!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் போன கோடையில் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "விடுமுறைக்கு எங்கே போவோம்?" என்று ஆசையாகக் கேட்டீர்களே, அப்போது விமானச்சீட்டு யாருடைய சட்டைப் பையில் இருந்தது?