ஆபீசருக்காக அடித்த சுண்ணாம்பு

நம் ஜனங்களிடம் 'ஆபீசர் வருகிறார்' என்று சொன்னால் பாதிப் பேர் ஓடி ஒளிவார்கள். மீதிப் பேர் வீட்டைப் பெருக்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் பெருக்குகிற ரகம். அன்றைக்கு ஓடியிருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும்.

எழுபதுகளின் கடைசி. ஐயங்கார்குளத்தில் பிறந்த என்னைச் சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தாலியின் மஞ்சள்கூட இன்னும் வெளுக்கவில்லை. மாமனாருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. நாங்கள் இருந்தது ஓலை போட்ட மண்சுவர் வீடு. போன மழையில் பின்பக்கச் சுவர் பாதி கரைந்து, அதற்கு ஒரு பனைமரத் துண்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அடுத்த மழைக்கு அது நிற்காது என்பது ஊருக்கே தெரியும்.

கண் தெரியாதவர்களுக்கும், கைகால் வராதவர்களுக்கும், வயசாளிகளுக்கும் பாதிச் செலவைச் சர்க்காரே ஏற்று வீடு கட்டித் தருகிறது என்று கேள்விப்பட்டு மாமனார் பெயரில் மனுப் போட்டோம். எழுதியது நான்தான். (ஒன்பதாவது வரை படித்தவள். அந்த வீட்டில் நான்தான் யுனிவர்சிட்டி.) சில மாதம் கழித்து, வெள்ளிக்கிழமை வீடு பார்க்க ஆபீசர் வருகிறார் என்று தகவல் வந்தது.

வீடு எவ்வளவு மோசமாக இருக்கிறது என்று பார்க்க வருகிறார். இதை யாரும் எனக்கு விளக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? புது வீடு கொடுப்பதற்கு முன்னால், இருக்கிற வீட்டை இவர்கள் எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று பார்க்க வருகிறார்! பெண் பார்க்க வருகிற மாதிரி.

மாமனாரும் மாமியாரும் பெருநகர் என்கிற ஊரில் இருந்த நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்துவிடுவதாக ஏற்பாடு. தடுக்க ஆளில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். தரையைச் சாணம் போட்டு வழவழவென்று மெழுகினேன். முட்டுக் கொடுத்த பனைமரத்தில் கலர் காகிதம் சுற்றினேன். கூரையில் வானம் தெரிந்த இடத்தில் என் கல்யாணப் புடவையை விதானம் மாதிரி கட்டினேன். பின்பக்கச் சுவரில் ஒரு பூசணிக்காய் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதன்மேல் லட்சுமி படம் போட்ட காலண்டரை மாட்டினேன். எதிர் வீட்டிலிருந்து ஒரு நாற்காலியும், மளிகைக் கடையிலிருந்து ஒரு டேபிள் ஃபேனும் இரவல் வாங்கி வந்தேன்.

வேலைக்குப் புறப்பட்ட என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். "நல்லாத்தான் கீது" என்றார். புதுமாப்பிள்ளை வேறென்ன சொல்வார்?

பஸ் தாமதம். ஜீப் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. ஆபீசர் குடையும் கையுமாக இறங்கி, உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். டிரைவர் நிழல் தேடி வீட்டுக்குப் பின்னால் போனார்.

"கரண்ட் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஃபேன் எதுக்கு?"

"அழகுக்கு சார்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "இந்த வீட்டுக்கு என்னம்மா குறை? என் வீட்டைவிட நல்லா இருக்கே."

அவர் எதைப் பார்க்க வந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதில் சொல்வதற்குள் மாமியாரின் தோளைப் பிடித்தபடி மாமனார் வந்து சேர்ந்தார். மாமியார் வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மாமனாருக்கு அந்தப் பிரச்னை கிடையாது. அவர் மனசில் வீடு பழையபடியே இருந்தது.

"வா சார், வா. பாத்து வை காலை, தரையெல்லாம் பேந்து கீது."

ஆபீசர் தரையைப் பார்த்தார். முகம் பார்க்கலாம் போல இருந்தது.

"மேல பாரு சார். வானம் தெரியும். ராத்திரியில நட்சத்திரம் எண்ணலாம்."

ஆபீசர் மேலே பார்த்தார். அரக்குச் சிவப்பில் ஜரிகைக் கரை. "பெரியவரே, உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே?"

"எம் பொண்டாட்டி எண்ணுவா சார்."

"இது உங்க வீடுதானா? இல்ல, வேற யார் வீட்டுக்காவது கூட்டிட்டு வந்து காட்டறீங்களா?"

மாமனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எம் வூடு எனக்குத் தெரியாதா சார்? இன்னா பேச்சு பேசற? இந்தா, இந்தச் செவுத்துல எங் கை போற ஓட்ட கீது, பாரு."

"மாமா, வேணாம்" என்று நான் நடுவில் பாய்ந்தேன். எனக்கு முன்னால் அவர் கை போய்விட்டது. லட்சுமியின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு தோள்பட்டை வரை போனது.

சுவருக்கு அந்தப் பக்கம், அதே ஓட்டைக்குக் கீழே, டிரைவர் சாய்ந்து உட்கார்ந்து கண்ணயர்ந்திருந்தார். மாமனாரின் கை துழாவி அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டது.

"பாத்தியா சார்" என்றார் மாமனார் வெற்றியோடு. "எதிர் வூட்டு ஆடு. இதோட பெரிய பேஜாரு. உள்ள வந்து படுத்துக்குது." சொல்லிக்கொண்டே ஆட்டை உள்ளே இழுத்தார்.

ஆடு "ஐயோ, சாமி" என்று தமிழில் அலறியது. சுவரிலிருந்து கை முளைத்துத் தலையைப் பிடித்தால் யார்தான் அலறமாட்டார்கள்? டிரைவர் திமிறி, காலை உதைத்து, முட்டுக் கொடுத்திருந்த பனைமரத்தைத் தள்ளிவிட்டு வயலுக்குள் இறங்கி ஓடினார். மரம் போனதும் பின்பக்கச் சுவர் மரியாதையாக வெளிப்பக்கம் சாய்ந்தது. கூரை ஒரு குலுக்குக் குலுங்கியது. விதானம் அவிழ்ந்து, என் கல்யாணப் புடவை ஆபீசரின் தலைமேல் முழுசாக விழுந்தது.

புழுதி அடங்கியபோது நாற்காலியில் ஒரு மணப்பெண் உட்கார்ந்திருந்தாள். கையில் குடை.

நான் முந்தானையை மெல்ல விலக்கினேன். வீடும் போச்சு, மனுவும் போச்சு, இன்று சாயங்காலமே என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆபீசர் மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"வானம் தெரியுது" என்றார்.

"நான் சொல்லல?" என்றார் மாமனார். கையில் டிரைவரின் முடி கொஞ்சம் இருந்தது.

ஆபீசர் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்தபிறகுதான் மாமியாருக்குக் குரல் திரும்பியது. என்னைத் திட்ட ஆரம்பித்தவர் பொழுது சாய்கிறவரை நிறுத்தவில்லை. வீடு கிடைத்தது. மழைக்கு முன்னால் ஓடு போட்டுக் குடிபோனோம்.

ஆனால் அந்த டிரைவர் எங்களை விடவில்லை. அந்தப் பக்கம் ஜீப் வரும்போதெல்லாம் எங்கள் வாசலில் நிறுத்தி, இறங்காமலே கேட்பார்: "பெரியவர் கை நல்லா கீதா?" அது வீட்டில் தொற்றிக்கொண்டது. இன்றுவரை எங்கள் சொந்தத்தில் யாரும் யாரையும் 'சௌக்கியமா' என்று கேட்பதில்லை. கல்யாண வீடோ, சாவு வீடோ, ஃபோனோ, எதுவானாலும் 'கை நல்லா கீதா'தான்.

என் மகள் கல்யாணத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் ஒருவர் விடாமல் என்னிடம் வந்து அதையே கேட்டார்கள். புதுச் சம்பந்தியம்மா எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. மறுநாள் விருந்துக்குப் போனபோது என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டு, ஒரு தைலப் பாட்டிலைக் கையில் வைத்து, ராத்திரியில் சூடு பறக்கத் தேய்க்கச் சொன்னார். முழுக் கதையையும் சொல்ல எனக்கு அப்போது தெம்பில்லை. ரெண்டு வேளை தேய்க்கலாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.